கடலோர ஜிப்ஸி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஓடுகிற பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்புகளில் ஓடித் தேய்ந்து கெடும் பாகத்தைவிட உப்பு அரித்துக் கெடும் பாகம்தான் அதிகம். தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ வீடு இருந்தால், வண்டியை வாசலில் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் காற்று தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் ஸ்டார்ட்டரை மாற்று, ஸ்டீயரிங் டேம்பரை மாற்று, ரேடியேட்டரை மாற்று என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். முதலில் எர்த், பிறகு ரப்பர், பிறகு மூச்சுக்குழாய், அதற்கப்புறம்தான் பாகம். கீழே எல்லாவற்றையும் இந்த வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன்.

1985-இல் வந்த 1000 சிசி எம்ஜி 410-க்கும் 1996-இல் வந்த 1300 சிசி ஜிப்ஸி கிங்குக்கும் இது பொருந்தும். 2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகளில் பெட்ரோல், பற்றவைப்பு சமாச்சாரம் வேறு. சக்கரம், ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) விஷயமெல்லாம் ஏறக்குறைய அதேதான்.

வேலை தொடங்கும் முன் ஒன்று. நம் ஊரில் பாதி வாசல் மணல். ஜாக்கியை நேராக மணலில் வைத்துத் தூக்கினால் வண்டி ஏற ஏற ஜாக்கி சாயும். அடியில் தடித்த பலகை போடுங்கள், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே படுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

சாவி திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி

நம் பக்கத்து ஜிப்ஸிகளில் அடிக்கடி வருவது இதுதான். பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மேல் பழி போடுவார்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

பேட்டரியில் ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, முதலில் சார்ஜ் போடுங்கள். இனி மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் டெர்மினலிலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அந்த நொடியில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்சாரத்தைத் துரு தின்கிறது.

பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும் போகிற எர்த் பட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும். ஒயர் முனையில் உள்ள உலோக வளையத்தை, அதாவது லக்கைத் திருப்பினால் அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும். ஒயரை லக்குக்கு அருகே மடக்கிப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் உள்ளே செம்பு இழைகள் கருத்து உதிர ஆரம்பித்துவிட்டன, அதைச் சுத்தம் செய்து பயனில்லை, புதிதாகப் போடுங்கள். சேஸிஸில் அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் பூசி மூடுங்கள். தேய்த்த பரப்புகளுக்கு நடுவே கிரீஸை அப்பிவிட்டு இறுக்குவது சரியில்லை. உலோகமும் உலோகமும் தொட வேண்டும், கிரீஸ் வெளியே இருந்து ஈரத்தைத் தடுத்தால் போதும்.

எர்த் சரியாக இருந்தும் ‘டக்’ என்றால் அதே சோதனையை பாசிட்டிவ் பக்கம் செய்யுங்கள்: பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே. இரண்டு பக்கமும் நன்றாக இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரை இறக்குங்கள்.

இந்த எர்த் ஒன்றைச் சரிசெய்தாலே ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்குவது, டெம்பரேச்சர் முள் காரணமில்லாமல் ஆடுவது ஆகியவையும் சேர்ந்து போய்விடுவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை, அல்லது ஓடி ஓடி நின்றுவிடுகிறது

கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் அழுத்தி வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீலப் பொறி வந்தால் கரண்ட் இருக்கிறது. பொறி இல்லாமலோ மஞ்சளாகவோ இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியின் உட்புறம் வியர்த்திருப்பது இங்கே சகஜம். துணியால் துடைத்துக் காய வைத்தால் பாதி வண்டி கிளம்பிவிடும். கான்டாக்ட் பாயின்ட் உள்ள பழைய வண்டியில் பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, பிறகு இழுவை குறைந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பினால், நின்ற இடத்திலேயே பெட்ரோல் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. குழாயை ஊதிச் சுத்தம் செய்தால் போதும், பம்பை மாற்ற வேண்டியதில்லை.

பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய ரப்பர் ஓஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓஸை மடக்கிப் பாருங்கள், மேலே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஓஸையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். கடையில் எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேளுங்கள். ஓஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும்.

அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது

ஜிப்ஸி வைத்திருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளும், பிரேக்கைத் தொட்டு வேகம் குறைத்தால்தான் அடங்கும். இதற்கு ஸ்டீயரிங் டேம்பர் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு முன்பைவிட மோசமாக வரும். டேம்பர் உதறலை அமுக்கி மறைக்கிறதே தவிர உதறலின் காரணம் அதில் இல்லை.

முதலில் டயர். நான்கிலும் காற்று ஒரே அளவா, முன் டயர் விளிம்பில் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா, ரிம்முக்குள் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆரோவில் பக்கம் மழையில் போய்வந்த வண்டிகளில் ரிம்மின் உட்பக்கம் ஒட்டிக் காய்ந்த மண்ணே பேலன்ஸைக் கெடுத்துவிடும். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அதில் போகவில்லை என்றால் ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கா, கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்கா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் கிங்பின். அடுத்து சக்கரத்தை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங் கம்பிகளான டை ராடு, டிராக் லிங்க் முனைகளின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த முனை விரலுக்குக் கீழே ‘டிக்’ என்று சொல்லும், கண்ணால் பார்ப்பதைவிட இது நம்பகமானது. கடைசியாக ஸ்பிரிங் பட்டைகளின் புஷ், பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள். கம்பியை நுழைத்து நெம்பினால் போல்ட்டும் புஷ்ஷும் தனித்தனியாக அசையக் கூடாது.

நான் பார்த்தவரை இந்தக் கடற்கரையில் குற்றவாளி பெரும்பாலும் கிங்பின் பேரிங்தான். காரணம் இருக்கிறது. வீல் பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸ் உள்ளே புரண்டுகொண்டே இருக்கும். கிங்பின் பேரிங்கோ ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்குத்தான் அசையும், உருளைகள் ஒரே இடத்தில் நின்று குத்திக்கொண்டிருக்கும். சீல் கிழிந்து ஈரமும் உள்ளே போனால் முடிந்தது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் வெளி வளையமான ரேஸில் உருளைக்கு ஒன்றாக வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். அந்தப் பள்ளத்தில் ஸ்டீயரிங் நேர்நிலையில் உட்கார்ந்து எழுவதைத்தான் நீங்கள் கையில் உணர்கிறீர்கள்.

இதை வீட்டில் செய்யலாம். பொறுமையும் ஒரு நாள் விடுமுறையும் வேண்டும். சக்கரம், பிரேக் காலிப்பர், ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் என்று வரிசையாக வெளியே எடுக்க வேண்டும். காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஓஸில் தொங்கவிட்டால் ஓஸ் உள்ளுக்குள் கிழியும். ஹப் நட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள பெரிய பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள், அல்லது முதுநகரில் லேத் பட்டறையில் பழைய குழாயிலிருந்து செய்துகொள்ளுங்கள். உளியும் சுத்தியும் வைத்துத் தட்டிக் கழற்றிய நட்டில் மறுபடி சரியான இறுக்கம் வைக்க முடியாது.

டை ராடு முனையைப் பிரித்த பிறகு, மேலும் கீழும் கிங்பின்னைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கிங்பின்னோடு ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் வரும். எது மேல், எது கீழ், எது இடது, எது வலது என்று தனித்தனி டப்பாவில் எழுதி வையுங்கள். பழைய ரேஸைத் தட்டி எடுத்து, புதியதை இறக்கும்போது பழைய ரேஸையே மேலே வைத்துச் சுத்தியால் சுற்றிலும் சமமாகத் தட்டலாம். ரேஸ் முழுதாக உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும், ‘டொக்’ என்பது ‘டிங்’ என்றாகும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, மறுபக்கம் வழியும்வரை ஏற்றி, கிங்பின்னைப் போட்டு இறுக்குங்கள். சீல் இன்னும் மாட்டாமல், டை ராடும் சேராமல் இருக்கும் இந்த நிலையில்தான் இறுக்கத்தை அளக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு போதும். அதன் கொக்கியை டை ராடு மாட்டும் துளையில் போட்டு, அந்தத் துளை இருக்கும் கைக்குச் செங்கோணத்தில் கிடையாக இழுங்கள். நக்கிள் (கிங்பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பகுதி) அசையத் தொடங்கும் கணத்தில் தராசு 1 முதல் 1.8 கிலோ காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுத்துவிடுங்கள், அதிகமாக இருந்தால் ஒன்று சேருங்கள். இந்த அளவைப் பார்க்காமல் புதிய பேரிங் போட்டுவிட்டு, உதறல் போகவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் நிறைய.

எல்லாம் சேர்த்த பிறகு டோ-இன் பாருங்கள். டயர்களின் நடுக்கோட்டை முன்பக்கமும் பின்பக்கமும் நூல் பிடித்து அளந்தால், முன்பக்க அளவு 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகினால் மாறும். டேம்பரைக் கடைசியில் பாருங்கள், எண்ணெய் கசிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முன்சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் உருண்டையில் எண்ணெய் வழிகிறது

வழிவதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கெட்டியான கருப்புக் கிரீஸ் லேசாகப் பூசியிருந்தால் கவலை இல்லை, சீல் தன் வேலையைச் செய்கிறது. கூழாக நீர்த்து, கிரவுன் ஆயில் (ஆக்சிலுக்குள் உள்ள கியர்களுக்கான எண்ணெய்) வாடையோடு வடிந்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் சீலைத் தாண்டி கிரவுன் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது என்று பொருள்.

சீல் வாங்கும் முன் ஆக்சிலின் மேலே இருக்கும் மூச்சுக்குழாயைப் பாருங்கள். சின்னஞ்சிறு மூடி, மண் அப்பினால் கண்ணுக்கே தெரியாது. ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வரும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சூடான ஆக்சில் வெள்ளத்தில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2015 வெள்ளத்தில் கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் ஒட்டிய தெருக்களில் ஓடிய வண்டிகளுக்கு இதுதான் நடந்தது. எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, அப்படியே ஓட்டினால் கிரவுனும் பினியனும் போகும்.

ஆயில் மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் திறங்கள், வடிக்கும் பிளக்கை அப்புறம் திறக்கலாம். மேலே உள்ள பிளக் துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால், எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் வண்டி நிற்கும். மட்டத் தரையில் நிறுத்தி, ஊற்றும் துளையில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் அளவு சரி. மூச்சுக்குழாயில் ஒரு நீளமான ஓஸ் மாட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிடுங்கள். குறைந்த செலவில் இதைவிட நல்ல மாற்றம் ஜிப்ஸியில் இல்லை என்பேன்.

முழுதாகத் திருப்பி 4 வீலில் போகும்போது ‘டக் டக் டக்’ என்று வந்தால் அது ஆக்சில் முனையில் உள்ள ஜாயின்ட். அதற்குச் சிகிச்சை இல்லை, மாற்றுவதுதான்.

கிளட்சை விட்டதும் அடியில் ‘டங்’. கியர் லீவர் துள்ளுகிறது

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டி இல்லை. தனியாக மூன்று ரப்பர் மவுண்ட்டுகளில் தொங்குகிறது, நடுவில் ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட். ரப்பர் கிழிந்தால் கேஸே துள்ளும், 4 வீல் லீவர் தானாக நழுவும். கட்டையால் நெம்பினால் தெரிந்துவிடும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் நன்றாக இருந்தால் ஷாஃப்ட்டுகளின் கிராஸ் பேரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள்.

4 வீல் லீவர் வெளியே வர மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். தார் ரோட்டில் 4 வீலில் ஓட்டியதால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி இருக்கின்றன. ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில அடி ரிவர்ஸ் போங்கள், விட்டுவிடும்.

சூடாகிறது

நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி வந்தால் அதுதான். வடித்து, கழுவி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுச் சூடாக்குங்கள், கொதிக்கும் முன்பே திறந்துவிட்டால் அது நல்லதுதான். மறுபடி மாட்டுங்கள்.

தண்ணீர் வெளியே கசியாமல் குறைந்துகொண்டே போய், எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். அது நல்ல மெக்கானிக்கிடம் போக வேண்டிய வேலை.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

டிஸ்க் உள்ள வண்டியில் காலிப்பர் நகரும் பின்கள் உப்பில் இறுகிவிடுகின்றன. ஒரே சக்கரத்தின் இரண்டு பேடில் ஒன்று நன்றாக இருந்து மற்றது மட்டும் தேய்ந்திருந்தால் இதுதான். பின்னை எடுத்து, துருவை நீக்கி, பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரேக் வேலை முதன்முறை செய்பவர்கள், சேர்த்து முடித்ததும் அனுபவம் உள்ள ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும்.

போல்ட் கழலவில்லை

மேலே சொன்ன எந்த வேலையிலும் நேரத்தைத் தின்பது இதுதான். முதல் நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். காலையில் அறுமுகமும் முழுதாகப் பிடிக்கிற ஸ்பேனர் போட்டு, முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருகுங்கள். துருவின் பிடி விடும் சத்தம் கேட்டதும் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே அரைக்கால் சுற்று, மறுபடி எண்ணெய் என்று போங்கள். ஒரேயடியாக முறுக்கினால் தலை ஒடியும். ஷேக்கிள் போல்ட் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டால் இந்த வித்தையெல்லாம் பலிக்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் புதிய போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1300 சிசி கிங்கின் எஞ்சின் மாருதி எஸ்டீம் காரின் ஜி13 குடும்பம்தான், அதனால் எஞ்சின் சாமான் கிடைக்காமல் போகாது. ஆனாலும் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய், அருகருகே வைத்து, துளைக்குத் துளை ஒப்பிட்டு வாங்குங்கள்.

அடியில் படுக்கும்போதெல்லாம் ஒரு சின்னச் சுத்தியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போவது நல்ல பழக்கம். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம், பாடி மவுண்ட்டுகள். ‘டங்’ என்றால் இரும்பு இருக்கிறது, ‘பொத்’ என்றால் பெயின்ட்டும் துருவும்தான் இருக்கின்றன. ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஓட்டை என்றால் மேலே தகடு ஒட்டி மறைக்கக் கூடாது, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, தேர்ந்த வெல்டரைக் கொண்டு பற்ற வையுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றிவிடுங்கள், எம்பிஎஃப்ஐ வண்டி என்றால் எஞ்சின் கணினியான இசிஎம்மின் கனெக்டரையும்.